நாலு குழாயும் ஒரு கையும்

கம்பு குழாய்க்குள் ஆடியது. ரொம்ப இல்லை, சுண்டுவிரல் நுழைகிற இடைவெளிதான். ஆனால் கடலுக்குள் போய்விட்டால் அந்தச் சுண்டுவிரல் ஒரு முழமாகிவிடும். பெர்க்மான்ஸ் தூண்டில் கம்பை உருவிப் படகின் ஓரத்தில் சாத்திவிட்டு, குழாயின் வாயில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தான். அந்தப் பக்கம் கடல் வட்டமாக, அசையாமல் தெரிந்தது. ஒன்றரை இஞ்சு பிளாஸ்டிக் குழாய் வாங்கத்தான் போயிருந்தான். பஹ்ரைனில் அவன் வேலை பார்த்த படகில் ஒன்றரை இஞ்சுதான், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். அப்படிப்பட்டவன் ரெண்டு இஞ்சுக் குழாயைத் தோளில் சுமந்துகொண்டு வந்திருக்கிறான் என்றால் புத்தி எங்கே மேயப் போயிருந்தது? சரி, பழைய சைக்கிள் டியூபை வெட்டி உள்ளே ஒட்டினால் கம்பு ஆடாது. ஞாயிற்றுக்கிழமை, மதியம் ஒரு மணி. கடலுக்குப் போகக் கூடாது என்பது ஊர்க்கட்டு. எல்லாப் படகும் மணலில் ஏறிக் கிடந்தன, ஊர் முழுக்கக் கறிக்குழம்பு தின்றுவிட்டுக் குப்புறப் படுத்திருந்தது. வேலை செய்வதும் கூடாதுதான். ஆனால் யாரும் வந்து என்ன செய்கிறாய் என்று கேட்கமாட்டார்கள் என்பதற்காகவே அவன் இந்த நாளையும் இந்த நேரத்தையும் தேர்ந்தெடுத்திருந்தான். கேட்கப்போகிறவள் ஒருத்திதான். நாலு மணிக்கு வருவேன் என்று சொல்லியிருக்கிறாள், அவன் தங்கச்சி கித்தேரி. அவள் புருசன் ரெமிஜி கடலில் போய் இன்றைக்கு முப்பத்தெட்டு நாள். உடம்பு கிடைக்கவில்லை. உடம்பு இல்லாமல் கோயிலில் எப்படி இறந்தோர் பூசை வைப்பது, வைத்துவிட்டால் செத்தது செத்ததுதானே என்று அவளும் ஒரு மாதமாக இழுத்துக்கொண்டே வந்தாள். நேற்றுத்தான் ஒரு வழியாகச் சம்மதித்தாள். அதற்கும் ஒரு நிபந்தனை. ஒண்ணே ஒண்ணு மட்டும் எனக்குத் தெரியணும் அண்ணே, அத நீங்க படகுகிட்ட வச்சு எனக்குச் சொல்லணும், அதுக்கப்புறம் பூசைக்குப் பேரு குடுக்கேன் என்றாள். அவள் கேட்கப்போவது என்ன என்று அவனுக்குத் தெரியும். பதிலும் தெரியும். பதிலைச் சொன்னால் அவனுக்குத் தங்கச்சி இருக்கமாட்டாள். சொல்லாவிட்டால் ரெமிஜிக்குப் பூசை இருக்காது. இதற்கு நடுவில் நாலு குழாயை வெட்டிப் படகில் பொருத்தி முடித்துவிட வேண்டும் என்று மட்டும் அவன் மனசு அடம்பிடித்தது. அது எதற்கு என்று அவனையே கேட்டாலும் சொல்லத் தெரியாது. அரத்தை எடுத்து முதல் குழாயின் விளிம்பைத் தேய்க்க ஆரம்பித்தான்.

தேய்க்கத் தேய்க்க வெள்ளைப் பொடி முழங்கை முடியில் ஒட்டியது. குழாய் ஒவ்வொன்றும் ஒரு அடி. அடியில் குறுக்காக ஒரு போல்ட் போட வேண்டும், கம்பின் அடிக்கட்டையில் உள்ள வெட்டு அதில் போய் உட்கார்ந்தால் மீன் இழுக்கும்போது கம்பு சுழலாது. போல்ட்டுக்குக் கீழே தண்ணீர் வடிய ஒரு ஓட்டை. மேல் வாய் சற்று விரிந்திருந்தால்தான் கம்பை அவசரத்தில் உருவ முடியும். அதற்குக் குழாயின் வாயைக் தேங்காய்க் கதம்பைத் தீயில் காட்டி இளக்கி, கண்ணாடிப் பாட்டிலின் கழுத்தை உள்ளே விட்டுத் தோள்வரை அழுத்த வேண்டும். படகின் விளிம்பு வளைவுக்கு ஏற்றபடி குழாயும் கொஞ்சம் வளைய வேண்டும், நசுங்காமல் வளைய உள்ளே மணலை அடைத்துச் சூடுகாட்ட வேண்டும். எல்லாம் அவன் யோசித்துவைத்ததுதான். யோசிக்காதது ஒன்று இருந்தது. மணல் அடைத்துச் சூடேறிய குழாயை நெருப்பிலிருந்து எடுத்து மடியில் போட்டு ஈரத்துணியால் பிடித்தபோது, அது இளஞ்சூடாக, கனமாக, உள்ளே ஏதோ இருப்பதுபோல அவன் பிடிக்கு இசைந்து வளைந்தது. அவன் கையை எடுத்துக்கொண்டான். மணல்தானே, சூட்டு மணல். வேறென்ன இருக்கும் உள்ளே? மறுபடியும் பிடித்தான். பிடித்த கைக்கு அது பழகிய சாமானாக இருந்தது, அதுதான் அவனைக் கலக்கியது. பழகியது எங்கே? குழாயை அவன் எப்போது இப்படிப் பிடித்தான்? அதை அப்படியே ஓரமாகப் போட்டுவிட்டு ரெண்டாவதை எடுத்தான். நாலு மணிக்கு வருவாள். அவளிடம், எனக்கு ஒண்ணும் தெரியாது கித்தேரி, நான் முன்னால அணியத்துல நின்னேன், பின்னால அவன் என்ன செய்தான்னு பாக்கல என்று ஊருக்குச் சொன்னதையே சொல்லிவிடலாம். முப்பத்தெட்டு நாளாகச் சொல்லிச் சொல்லி அந்தப் பொய் வழவழவென்று ஆகிவிட்டது, எடுத்தால் கையில் குத்துவதில்லை. அதில் பாதி நிஜம்கூட. அணியத்தில்தான் நின்றான். பின்னால் பார்க்கவில்லைதான்.

அவன் எதற்காக அணியத்துக்குப் போனான் என்பதில்தான் எல்லாம் இருந்தது. மூத்திரம் முட்டிக்கொண்டு வந்தது. அவ்வளவுதான். ஒரு மனுசன் போனதற்கு இதைவிடச் சின்னக் காரணம் இருக்க முடியுமா என்று அவன் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறான். படகில் அன்றைக்கு அவனும் ரெமிஜியும் மட்டும்தான். ரெமிஜி இஞ்சின்காரன். தூண்டிலைத் தொடமாட்டான். பதினைந்து வயதில் உள்ளங்கையில் கொக்கி ஏறி, அதை அறுத்து எடுத்த தழும்பு அவனுக்கு உண்டு, அன்றோடு சரி. நான் இஞ்சின் பாத்துக்கிடுதேன், மீன நீ பாத்துக்க மச்சான் என்பான். பின்னணியத்தில் இஞ்சின் பிடியை இடது கையால் பிடித்தபடி, வலது கையை மடியில் போட்டுக்கொண்டு, உலகத்தில் ஒரு கவலையும் இல்லாத ஆள் மாதிரி உட்கார்ந்திருப்பான். காலை பத்தரை இருக்கும். கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. பெர்க்மான்சின் தூண்டிலில் ஏதோ ஒன்று வந்து தொட்டுத் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது, பெரியது, அவசரப்படாதது. கட்டிவைத்துவிட்டுப் போகலாமா என்றால் கூடாது, பெரிய மீன் இழுத்தால் கட்டிய நரம்பு அறுந்துவிடும், விட்டுப் பிடிக்க ஒரு கை வேண்டும். இந்தக் கரையில் தூண்டிலைக் கை மாற்றுகிறவன் சும்மா நீட்டமாட்டான். வாங்குகிறவனின் மணிக்கட்டை இடது கையால் பிடித்து, தங்கூசி நரம்பை அவன் உள்ளங்கையில் ரெண்டு சுற்றுச் சுற்றி, விரல்களை மடக்கிவிட்டுத்தான் விடுவான். சும்மா நீட்டினால் அது மரியாதையில்லை, என் தூண்டிலைத் தவற விடுவாய் என்று சொன்ன மாதிரி. பெர்க்மான்ஸ் மரியாதையாகத்தான் கொடுத்தான். கொஞ்சம் பிடி மாப்ள, வந்துருதேன் என்றான். ரெமிஜி சிரித்துக்கொண்டே வலது கையை நீட்டினான், சீக்கிரம் வா மச்சான், எனக்கு இது ஆகாது என்றான். இந்த வார்த்தைகளை பெர்க்மான்ஸ் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. காவல் நிலையத்தில் சொல்லவில்லை, சாமியாரிடம் சொல்லவில்லை, பாவசங்கீர்த்தனத்துக்குப் போகாமலே இருந்துவிட்டான். ரெண்டாவது குழாயின் வாயைப் பாட்டிலில் வைத்து அழுத்தும்போது ஒரு பக்கம் அதிகமாக விரிந்துவிட்டது.

திரும்பிப் பார்த்தபோது பின்னணியத்தில் யாரும் இல்லை. சத்தம் கேட்டதா? இல்லை. ஒரு ஆள் விழுந்தால் தண்ணீர் சத்தம் போடாதா, படகு ஒரு பக்கம் சாயாதா? சாயவில்லை. கைலியைச் சரிசெய்துகொண்டு திரும்பினான், இஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது, ரெமிஜி உட்கார்ந்த இடத்தில் அவன் துண்டு இருந்தது, துண்டில் அவன் உட்கார்ந்த பள்ளம்கூட இருந்தது. நரம்பு சுற்றிய தூண்டில் பலகை மட்டும் தளத்தில் உருண்டு உருண்டு நரம்பை விட்டுக்கொண்டிருந்தது. யாரோ உட்கார்ந்து நிதானமாகச் சுற்றிவிடுகிற மாதிரி. அப்புறம் அது நின்றது. அவன் கத்தினானா, குதித்தானா, எத்தனை தடவை வட்டம் அடித்தான், மற்ற படகுகள் எப்போது வந்தன என்பதெல்லாம் இப்போது அவனுக்குக் குழம்பிக் கிடக்கிறது. நரம்பை இழுத்தது மட்டும் விரல் விரலாக ஞாபகம் இருக்கிறது. கனமாகவும் இல்லை, லேசாகவும் இல்லை. வந்துகொண்டே இருந்தது. அறுபது பாகம் நரம்பு, ரெண்டு கையும் விரித்து இழுத்து, ஒவ்வொரு பாகமாக. கடைசியில் கொக்கி இல்லாமல் வெறும் முனை வந்தது. முனைக்குச் சற்று முன்னால், தங்கூசியில் ரெண்டு வளையம் சுருண்டு நின்றது, உள்ளங்கை அளவுக்கு. கை மட்டும் அதில் இல்லை. அப்படியென்றால் கை கழன்றிருக்கிறது. கழன்றது என்றால் எங்கே? எவ்வளவு ஆழத்தில்? கழன்ற பிறகு அவன் மேலே வந்திருக்க வேண்டுமே, ரெமிஜிக்கு நீந்தத் தெரியாதா, இந்தக் கரையிலேயே மூச்சடக்க அவனை மிஞ்ச ஆள் கிடையாதே. அன்றிலிருந்து இந்தக் கேள்வி சாப்பிடும்போது வரும், தலை துவட்டும்போது வரும். வரும்போதெல்லாம் பெர்க்மான்சுக்குத் தன் பின்னால் யாரோ ஈரத்தோடு ஏறி உட்கார்ந்திருப்பதுபோல முதுகு குளிரும். இப்போதும் குளிர்ந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

சரிவுக் கோணத்தைக் குறிக்க வேண்டியிருந்தது. குழாயை நெட்டுக்குத்தலாக வைத்தால் கம்பு நிமிர்ந்து நின்று நரம்பு படகில் உரசும். ரொம்பப் படுக்கவைத்தால் மீன் கம்பையே உருவிக்கொண்டு போய்விடும். நடுவில் ஒரு சாய்வு இருக்கிறது, பஹ்ரைனில் அதற்கு ஒரு மரச்சட்டம் அடித்து வைத்திருந்தார்கள், இங்கே அதற்கு எங்கே போவது? தூண்டில் பிடித்து உட்கார்ந்திருக்கிற ஆளின் முன்கை எந்தச் சாய்வில் இருக்குமோ அதுதான் கணக்கு என்று அவனுக்குத் தோன்றியது. அதைப் பார்க்க உட்கார்ந்துதான் ஆகவேண்டும். இஞ்சினைக் கழற்றி வீட்டில் வைத்திருந்தான், பின்னணியம் வெறுமையாக இருந்தது. ரெமிஜியின் இடத்தில் அவன் இந்த முப்பத்தெட்டு நாளில் உட்கார்ந்ததே இல்லை. இப்போது ஏறி உட்கார்ந்தான், விளக்குமாற்றுக் குச்சி ஒன்றை வலது கையில் பிடித்துச் சாய்த்துப் பார்த்துப் பென்சிலால் விளிம்பில் கோடு போட்டான். வெயிலில் கொதித்துக் கிடக்க வேண்டிய பலகை அந்த இடத்தில் மட்டும் சில்லென்று இருந்தது. நிழல் விழுந்திருக்கும். எதன் நிழல்? மேலே ஒன்றும் இல்லை. இறங்கிவிடலாம் என்று நினைத்தபோதுதான் அது ஞாபகத்துக்கு வந்தது, வரவேண்டிய நேரம் பார்த்து வந்தது. ரெண்டு வருசத்துக்கு முன்னால் ரெமிஜிதான் கேட்டான். பரணில் கிடக்கிற அந்த பஹ்ரைன் கம்பையெல்லாம் எடு மச்சான், ஏதோ குழாய் மாட்டுவாவன்னு சொன்னியே, ரெண்டு மாட்டு, நீயும் நாள் முழுக்கக் கையில பிடிச்சுக்கிட்டே கெடக்க வேண்டாம்லா என்றான். கை இருக்கும்போது குழாய் என்னத்துக்கு மாப்ள என்றான் பெர்க்மான்ஸ். அன்றைக்கு அது நல்ல பதிலாகப் பட்டது. கூட நின்ற மற்றவர்களும் சிரித்தார்கள். பெர்க்மான்ஸ் குச்சியை மணலில் எறிந்துவிட்டு இறங்கினான்.

மூன்று மணிக்குக் கடல்காற்று கிளம்பியது. விளிம்பில் கிளாம்ப் போட்டு ரெண்டு குழாயை முறுக்கியிருந்தான், மூன்றாவதையும் விளிம்பில் கட்டிவைத்து அதற்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தான். ஊ என்று ஒரு சத்தம் வந்தது. நீளமாக, அடித்தொண்டையில். அவன் டிரில்லை நிறுத்தினான். சத்தமும் நின்றது. கடலில் தூரத்துப் படகைக் கூப்பிட ரெமிஜி ரெண்டு கையையும் குவித்து இப்படித்தான் ஊதுவான், செல்போன் வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை அவன் விடவில்லை. ஒரு நீளம், அதைத் தொட்டு ஒரு குட்டை. பெர்க்மான்ஸ் தன்னையே திட்டிக்கொண்டான். குழாய் வாயில் காற்றுப் பட்டால் ஊதத்தான் செய்யும், காலிப் பாட்டில் ஊதுவதில்லையா? இதுகூடத் தெரியாமலா பஹ்ரைனில் நாலு வருசம் குப்பை கொட்டினாய்? முதல் குழாயின் வாயை உள்ளங்கையால் பொத்தினான். உள்ளங்கையைக் குழாய் மெல்ல உறிஞ்சிப் பிடித்துக்கொண்டது, அடி ஓட்டை வழியே காற்று இறங்குகிற இழுப்பு, அது மட்டும்தான். வெடுக்கென்று கையை எடுத்தான். கிழிந்த கைலித் துணியைக் கிழித்து ரெண்டு குழாயிலும் அடைத்தான், மூன்றாவதிலும் அடைத்தான், நாலாவது இன்னும் மணலில் கிடந்தது, அதற்கும் ஒரு துணி. எல்லா வாயையும் அடைத்துவிட்டு நிமிர்ந்தபோது குட்டையாக ஒன்று கேட்டது. ஊ. நீளம் வந்த பிறகு வரவேண்டிய குட்டை. அவன் அசையவில்லை. படகுகள் வரிசையாகக் கிடந்தன, காக்கா ஒன்றுகூட இல்லை. அடைத்த குழாய்களை எண்ணினான். விளிம்பில் மூன்று, மணலில் ஒன்று. படகுக்கு அடியில், நிழலில், இன்னொன்று. அஞ்சாவது. வெட்டி, விளிம்பைத் தேய்த்து, வாயை விரித்து, சுத்தமாக வைத்திருந்தது. அவன் நாலுதான் வெட்டினான். ஆறடிக் குழாய், நாலு போக மிச்சம் ரெண்டடி நீளமாகத்தான் கிடக்க வேண்டும். அந்த மிச்சத்தைத் தேடினான். ஒரு அடித் துண்டு ஒன்று கிடந்தது, மறு அடிதான் இது. அப்படியென்றால் அவன்தான் வெட்டியிருக்கிறான், அவன்தான் தீயில் காட்டியிருக்கிறான், வேறு யார் வருவார்கள்? ஆனால் வெட்டிய ஞாபகம் இல்லை. ஒரு முழு வேலையை, அரைமணி நேர வேலையை, கை தானாகச் செய்து ஓரமாக வைத்திருக்கிறது. படகில் ரெண்டு கம்புக்கு மேல் கிடையாது, நாலு குழாயே அதிகம். இந்த அஞ்சாவது யாருக்கு என்று ஒரு கேள்வி வந்தது. அவன் அதற்குப் பதில் தேடாமல் துணியை எடுத்துக்கொண்டு படகுக்கு அடியில் குனிந்தான்.

அஞ்சாவது குழாயை எடுக்கக் கையை நீட்டி, கட்டைவிரலும் நடுவிரலும் சுற்றிவளைத்துப் பிடித்தபோது, விரல்கள் ரெண்டும் ஒன்றையொன்று தொடாமல் கொஞ்சம் இடைவெளி விட்டு நின்றன. அந்த இடைவெளி அவனுக்குத் தெரிந்த இடைவெளி. இந்தத் தடவை அதை வேறொன்று என்று நினைத்துச் சமாளிக்க முடியவில்லை. கடையில் நடந்தது முழுசாக ஞாபகம் வந்தது. கடைக்காரர் ரெண்டு அளவுக் குழாயையும் எடுத்து மேசையில் போட்டார், ஒண்ணரையா ரெண்டா அண்ணாச்சி, எது வேணும் என்றார். பெர்க்மான்ஸ் ஒன்றரைதான் என்று சொல்ல வாயைத் திறந்தான். கை அதற்குள் ரெண்டு குழாயையும் மாறி மாறிப் பிடித்துப் பார்த்து, தடித்ததைப் பிடித்தபடியே நின்றுவிட்டது. இதுதான் என்றான். இதுதான், இதே அளவுதான் என்று ரெண்டு தடவை சொன்னான். கடைக்காரர்கூட எதன் அளவு என்று கேட்டார். இப்போது அவனுக்குத் தெரிந்தது எதன் அளவு என்று. கடைசியாக அவன் இடது கை சுற்றிப் பிடித்த ஒன்றின் அளவு. ரெமிஜி எலும்பு தடித்த ஆள், அவன் மணிக்கட்டைப் பிடித்தால் விரல்கள் தொடாது. மதியத்திலிருந்து பெர்க்மான்ஸ் அதைத்தான் அறுத்துக்கொண்டும், தீயில் காட்டிக்கொண்டும், வளைத்துக்கொண்டும், படகில் வைத்து முறுக்கிக்கொண்டும் இருந்திருக்கிறான். விளிம்பில் மூன்று, மணலில் ஒன்று, கையில் ஒன்று. ரெமிஜியைப் படகில் கட்டிப்போடப் பார்த்திருக்கிறான், இனிமேல் எதுவும் இழுத்துக்கொண்டு போகாதபடி, அவன் போகவே இல்லை என்று ஆகிவிடும்படி. மணலில் உட்கார்ந்துவிட்டான். குழாயைக் கீழே போடவும் அவனுக்கு மனசு வரவில்லை, அதுதான் பெரிய கேவலமாக இருந்தது. அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"சாப்பிடலியா அண்ணே?"

கித்தேரி வந்து நின்றிருந்தாள். செருப்பைக் கையில் வைத்திருந்தாள். அவன் குழாயை மணலில் வைத்தான்.

"பசிக்கல."

"மதினி சொன்னாவ, மத்தியானத்துல இருந்து இங்கனயே கெடக்கியளாம்." அவள் படகின் விளிம்பைப் பார்த்தாள், துணி அடைத்த வாய்களைப் பார்த்தாள். "இது என்னது?"

"கம்பு நிக்கதுக்கு. இதுல கம்பச் செருகிட்டா ஆளு பிடிக்க வேண்டாம். மீன் இழுத்தா கம்பு வளையும், அவ்வளவுதான்."

"ஆளு பிடிக்க வேண்டாம்."

"ஆமா."

அவள் ஒரு குழாயில் கையை வைத்து ஆட்டிப் பார்த்தாள். உறுதியாக இருந்தது. பிறகு அவனுக்கு எதிரே மணலில் உட்கார்ந்து சேலையை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டாள். சின்ன வயதில் அடி வாங்குவதற்கு முன்னால் இப்படித்தான் உட்காருவாள். முப்பத்தாறு வயதில் இப்போது கேட்கிறவள் அவள், அடி யாருக்கு விழப்போகிறது என்று பெர்க்மான்சுக்குத் தெரிந்தது.

"கேக்கட்டா?"

"கேளு."

"ஊர்ல என்னவெல்லாம் பேசுதாவன்னு உங்களுக்கும் தெரியும். குடிச்சிருந்தான்ங்காவ. மீன் ஆசையில, உங்களுக்குத் தெரியாம தூண்டில எடுத்தான்ங்காவ. அவிய தூண்டில கையில தொட்டுப் பதினெட்டு வருசம் நான் பாத்ததில்ல. அன்னைக்கு மட்டும் எப்படி அண்ணே தொட்டாவ?"

பொய் தயாராக இருந்தது. நாக்கின் நுனியில் வழவழவென்று உட்கார்ந்திருந்தது. அதைச் சொன்னால் அவள் நம்பமாட்டாள், ஆனால் மறுபடி கேட்கவும் மாட்டாள், எழுந்து போய்விடுவாள், நாளைக்குப் பூசை இருக்காது, நாளை மறுநாளும் இருக்காது, ரெமிஜி சாகாமலும் வராமலும் அவள் வீட்டு வாசலிலும் இவன் முதுகுக்குப் பின்னாலும் ஈரத்தோடு உட்கார்ந்தே இருப்பான். அதை நினைத்ததும் பயத்தைவிடக் களைப்புத்தான் அதிகமாக வந்தது.

"எனக்கு ஒண்ணுக்கு வந்துச்சு," என்றான்.

மணலைக் கிளறியபடி தொடர்ந்தான்.

"தூண்டில்ல மீன் தொட்டுக்கிட்டு இருந்துச்சு. விட்டுட்டுப் போவ முடியல. அவன் கையில குடுத்துட்டு அணியத்துக்குப் போனேன்."

"சும்மா குடுத்தீயளா, சுத்திக் குடுத்தீயளா?"

"சுத்தித்தான் குடுத்தேன்."

கித்தேரி தலையை ஆட்டினாள். அழவில்லை. அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அவள் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், விரல்கள் மணலுக்குள் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தன.

"எத்தன சுத்து?"

"ரெண்டு."

"எந்தக் கை?"

"வலது கை. இடது கையில இஞ்சின் இருந்துச்சு."

அவள் வலது கையை நீட்டினாள். "சுத்துங்க."

"கித்தேரி."

"நான் பாக்கணும் அண்ணே. எனக்குத் தெரியாம நாளைக்கு என்னத்தச் சொல்லி அழுவேன்? சுத்துங்க."

படகுக்குள் கிடந்த தங்கூசிச் சுருளை எடுத்தான். அவள் மணிக்கட்டை இடது கையால் பிடித்தான், மெலிந்துபோயிருந்தாள், விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. உள்ளங்கையில் ரெண்டு சுற்றுச் சுற்றினான். விரல்களை மடக்கிவிட்டான். ஒவ்வொரு விரலாக, அன்றைக்கு எப்படியோ அப்படியே.

"என்ன சொல்லிக் குடுத்தீய?"

"கொஞ்சம் பிடி மாப்ளன்னேன்."

"இழுங்க."

அவன் மெல்ல இழுத்தான். "இன்னும்," என்றாள். இழுத்தான். நரம்பு இறுகி அவள் புறங்கையில் சிவப்பாகக் கோடு விழுந்தது. அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று அஞ்சு விரலையும் விரித்து, கையைக் கீழே தாழ்த்தினாள். ரெண்டு சுற்றும் வழுக்கி மணலில் விழுந்தன.

அவள் நரம்பை மணலிலிருந்து எடுத்து அவனிடம் கொடுத்தாள்.

"இன்னொருக்கச் சுத்துங்க," என்றாள்.

சுற்றினான். இழுத்தான். அவள் விரித்தாள். விழுந்தது.

"விரல விரிச்சா விழுந்துருது அண்ணே."

"மீன் இழுக்கது வேற மாதிரி, கித்தேரி. கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள..."

"அவியளுக்கு விரிக்கத் தெரியாதா? அந்த நேரத்துல ஒரு விரல விரிச்சிருந்தாப் போதும்லா. கை மேல அவியளுக்கு எம்புட்டுப் பயம், அந்தக் கொக்கி ஏறுனதுல இருந்து. எல்லாத்தையும் விட்டுருவாவ." அவள் குரல் தணிந்தே இருந்தது. "நீங்க பிடின்னு சொன்னீயல்லா. அதான் விடல. உங்க மீனு போயிருமேன்னு பிடிச்சிருக்காவ."

திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள், என் வீட்டு வாசலை மிதிக்காதே என்பாள் என்று முப்பத்தெட்டு நாளாக அவன் எதிர்பார்த்து வைத்திருந்த எதுவும் வரவில்லை. வந்திருந்தால் தாங்கியிருப்பான். பெர்க்மான்ஸ் அழுதான். சத்தம் போட்டு, மூக்கு ஒழுக, வெட்கமில்லாமல் அழுதான். அவள் தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. அழுது முடியும்வரை கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து சேலையில் ஒட்டிய மணலைத் தட்டினாள்.

"பூசைக்குக் குடுக்கப் போறேன். பேரு வாசிக்கும்போது எப்படிச் செத்தாவன்னும் சாமியார் சொல்லுவாவல்லா. குடிச்சுட்டு விழுந்தாவ, ஆசையில விழுந்தாவன்னு ஊரு நெனச்சுக்கிட்டே மண்டி போடக்கூடாது. பிடின்னு மச்சான் சொன்னதுக்காகப் பிடிச்சாவன்னு சொல்லணும். அத நான் சொன்னா யாரு நம்புவாவ? எந்திரிங்க. நீங்க வந்து சாமியார்ட்ட சொல்லுங்க."

ஊர் முழுக்கக் கேட்கும். நாளைக்கு இந்தக் கரையில் ஒவ்வொரு படகிலும் அவன் பெயர்தான் ஓடும். அவன் அவளைப் பார்த்தான். அவள் முகத்தில் கோபத்தைத் தேடினான், அதுவாவது இருந்தால் நன்றாக இருக்கும் என்று. இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழப் பார்த்தான், ரொம்ப நேரம் மடக்கி வைத்ததில் கால் மரத்துப் போயிருந்தது, பாதி எழுந்து தடுமாறினான். கித்தேரி பக்கத்திலேயே நின்றாள். கை கொடுக்கவில்லை. அவன் தானாக எழுந்து நிற்கும்வரை காத்திருந்தாள்.